மேல் லயத்தில் ஓர் ஏர்கான்

வேலப்பனுக்கு ஆசை என்பதே கிடையாது. இதை அவர் கேட்டவருக்கும் சொல்வார், கேட்காதவருக்கும் சொல்வார். "எனக்கென்ன ஆசை இருக்கு? மூணு வேளை சோறு, படுக்க ஒரு கட்டில். மத்ததெல்லாம் தேவைக்கு வாங்கறதுதான் லா." அந்த மத்ததெல்லாம், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், மேல் லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசையில், கடைசிக்கு முந்தின வீட்டில், கூரையை முட்டிக்கொண்டு நிற்கின்றன. உள்ளே வருகிறவர் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டுதான் நுழைய வேண்டும். கொஞ்சம் தடித்தவர்கள் வாசலிலேயே நலம் விசாரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள் ஒன்று இருக்கிறது. பேக்டரிக்கு இறங்கி ஏறினாலே நாக்குத் தள்ளுகிற மேட்டில் குடியிருக்கும் மனிதருக்கு அது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இரத்த அழுத்தமாம். "டாக்டர் உடம்ப அசைக்கச் சொன்னாரு. மழையில எங்க போய் அசைக்கறது?" இன்றைக்கு அதன் கைப்பிடியில் துண்டு காய்கிறது, இருக்கையில் அரிசி மூட்டை உட்கார்ந்திருக்கிறது. அரிசியின் இரத்த அழுத்தம் நன்றாகவே இருக்கிறது. ஆள் உயரத்துக்கு இரண்டு பாட்டுப் பெட்டிகளும் இருக்கின்றன. கோயில் திருவிழாவுக்கு உதவும் என்று வாங்கியவை. கோயில்காரர்கள் வந்து கேட்டபோது, "நனைஞ்சா யாரு பொறுப்பு?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆசையை ஒழிக்க மனிதர்கள் தாடி வளர்க்கிறார்கள், காட்டுக்குப் போகிறார்கள். வேலப்பன் அந்தச் சிரமமெல்லாம் படவில்லை. ஒரு சாமான் மனசில் விழுந்துவிட்டால் கொஞ்ச நேரம் பேசமாட்டார். பிறகு ஏதாவது வியாதியைப் பற்றியோ, வரப்போகும் விருந்தாளியைப் பற்றியோ மெதுவாக ஆரம்பிப்பார். கோப்பையில் தேத்தண்ணி ஆறுவதற்குள் அந்தச் சாமான் தேவையாகிவிடும். அதற்குமேல் குறுக்கே நிற்கிறவர்கள் அவர் உயிருக்கு உலை வைக்கிறவர்கள்.

இப்படிப்பட்டவருக்குப் போன வருஷம் ஐம்பது வயதானது. ஐம்பதானால் சேமநிதியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளலாம். வயதானால் புத்தி வரும் என்று நம்புகிறவர்கள் செய்து வைத்த ஏற்பாடு அது.

அந்தக் காசுக்கு அவருக்கும் முன்னாலிருந்தே காத்திருந்தவள் அவர் மனைவி சாரதா. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து கொழுந்து வெட்டியவள். பனியில் ஊறிய செடிக்குள் கைவிட்டு வெட்டி வெட்டி விரல்கள் இஞ்சியாகிவிட்டன. இப்போது தோட்டத்து டீக்கடையில், சுற்றுலா வந்தவர்கள் குடித்து வைத்த கோப்பைகளைக் கழுவுகிறாள். அவர்கள் "ஆகா, என்ன குளிர்!" என்று காசு கொடுத்து அனுபவித்துவிட்டுப் போகும் அதே குளிர், குழாய் வழியாக அவள் கையில் விழுகிறது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. பல் விளக்கும் பிரஷ்ஷை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, தலையை ஆட்டித்தான் பல் விளக்குவாள்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். காலையிலும் மாலையிலும் கை சுடுதண்ணீரில் இருக்க வேண்டும், குளிப்பதும் அதிலேயே இருக்கட்டும் என்றார். "வீட்டுல வாட்டர் ஹீட்டர் இருக்குல்ல?"

"ஹீட்டர் இல்லீங்க டாக்டர்," என்றாள் சாரதா. "சைக்கிள் இருக்கு."

கேஸ் அடுப்பில் பானை வைத்துக் காய்ச்சினாள்தான். ஆனால் மடங்காத விரலைச் சரிசெய்ய, கொதிக்கிற பானையை அந்த விரலால்தானே இறக்க வேண்டும்? ஒருநாள் பானை நழுவியது. கால் பெருவிரலில் இன்னமும் தழும்பு இருக்கிறது. அன்றைக்கு வேலப்பன் மிகவும் பதறி, "பாத்து இறக்கக்கூடாதா?" என்று யோசனை சொன்னார்.

சாரதாவும் துறவி இல்லை. கட்டிலுக்கடியில் மூடி தொலைந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் ஒரு கல்யாண வீட்டுக்குக் காணும். ஆனால் யாராவது கேட்டால், "ஆசையா இருந்துச்சு, வாங்கினேன்" என்று உண்மையைச் சொல்லிவிடுவாள். அதனால்தான் அந்த வீட்டில் அவள் பேச்சு எடுபடவில்லை.

வேலப்பனுக்கு ஏன் குளிரவில்லை என்ற சந்தேகம் உங்களுக்கு வரும். அவருக்கு வேலை பேக்டரியில், தேயிலையைக் காயவைக்கும் பெரிய அடுப்புப் பக்கம். மலை முழுக்க வெடவெடக்கும்போது அவர் ஒருவர் மட்டும் பனியனோடு வியர்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சூட்டோடு வீட்டுக்கு வருவார், சூடு ஆறுவதற்குள் போர்வைக்குள் போய்விடுவார். குளிப்பதும் பேக்டரியிலேயே, கொதிகலன் தண்ணீரில். குளிர் என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சும்மா கிளப்பிவிடப்பட்ட புரளி என்றே அவர் நினைத்திருக்கக்கூடும்.

தீபாவளிக்குக் கிள்ளானுக்குப் போனார்கள். அங்கே சாரதாவின் தங்கை பவளமும் அவள் புருஷன் யோகேந்திரனும் இருக்கிறார்கள். யோகேந்திரன், முறைக்கு வேலப்பனுக்குச் சகலை. சகலைகள் ஒருவரையொருவர் நேசிக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அவர் வீட்டில் அறைக்கு ஒரு ஏர்கான். வேலப்பன் படுத்த அறையிலும் ஓடியது. அவர் சுகமாகத் தூங்கினார். காலையில் பசியாறும்போது யோகேந்திரன் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்:

"என்ன சகல, ஏர்கான் ஒத்துக்குச்சா? மலை ஆளுங்களுக்கு இதெல்லாம் பழக்கமிருக்காதேன்னு பயந்தேன்."

வேலப்பன் வழக்கம்போலக் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். சாரதாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

மலையேறும் பஸ்ஸிலேயே ஆரம்பித்தார். "முன்ன மாதிரியா குளிரு இருக்கு? ஜன்னல மூடுனா புழுங்குது."

"ஜன்னல் திறந்துதான இருக்கு?"

"அதத்தான் சொல்றேன். திறந்தே புழுங்குதுன்னா மூடுனா என்னாவும்?"

"ஏங்க," என்றாள் சாரதா, விரல்களைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, "அந்தக் காசு வந்ததும் ஹீட்டர்னு சொன்னீங்க."

"சொன்னேன், இல்லேங்கல. ஆனா சுடுதண்ணிங்கறது ஆசை சாரதா. அடுப்பு இருக்கு, பானை இருக்கு. காத்த எந்தப் பானையில வச்சுக் குளுத்துறது? அது தேவை."

"ரெண்டையும்தான் வாங்குங்களேன்."

அதில்தான் சங்கடம். மேல் லயத்துக் கரண்டு வயர் லயத்தைவிடக் கொஞ்சம்தான் இளையது. யாரோ ஒருத்தர் இரண்டு பெரிய மெஷினை ஒன்றாகப் போட, தைப்பூசத்துக்கு முதல் நாள் லயமே இருண்டது. அதிலிருந்து தோட்டத்தில் ஒரு கட்டுப்பாடு: ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு பெரிய மெஷின், அதுவும் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லிவிட்டு. ஹீட்டர் என்றால் ஹீட்டர். வேறு ஒன்று என்றால் அந்த வேறு ஒன்று. ஹீட்டரைத் தவிர வேறு எதையும் யாரும் கேட்டதில்லை. ஏனென்றால் அந்த மலையில் மற்றவர்களுக்கு ஓரளவு மூளை இருந்தது.

கிராணி சசிதரன் இரண்டு ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தார். வேலப்பனைப் பார்த்ததும், "வாங்கண்ணே, ஹீட்டருக்குத்தான? அக்கா போன வருஷமே வந்து விசாரிச்சுட்டுப் போனாங்க," என்றார்.

"ஹீட்டர் இல்ல தம்பி. ஏர்கான்."

சசிதரன் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மூடுபனியில் எதிரில் நின்ற லோரிகூடத் தெரியவில்லை. "எங்க மாட்ட?"

"வீட்லதான் லா."

"யாரு வீட்ல?"

"எங்க வீட்ல! உலகம் சூடாயிட்டு வருதுன்னு பேப்பர்ல போடறான், படிக்கறதில்லயா நீ?"

"வரட்டும்ணே, வர்றப்ப பாத்துக்கலாம். இத எழுதிட்டா, இது இருக்கறவரைக்கும் ஹீட்டர் கிடையாது. அக்காவ ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அவளுக்கு அது ஆசை. எனக்கு இது தேவை. எழுது."

சசிதரன் எழுதினார். ஒரு வீட்டுக்கு எத்தனை மெஷின் என்று பார்ப்பதுதான் கிராணியின் வேலை. வீட்டுக்காரருக்கு எத்தனை மூளை என்று பார்க்கும்படி யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை.

ஏர்கான் மலையில் கிடைக்கவில்லை. ஈப்போவிலிருந்து வந்தது. கொண்டுவந்த ஆள் வளைவுகளில் வாந்தியெடுத்து, வழிநெடுக, "அட்ரஸ் சரிதானா?" என்று போன் செய்துகொண்டே வந்து சேர்ந்தான். சுவரில் ஓட்டை போட்டு, உள்ளே வெள்ளைப் பெட்டியை மாட்டி, அதன் வெளிப் பெட்டியை வீட்டுக்குப் பின்னால், குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் இரும்புக் கட்டை அடித்துப் பொருத்தினான். கூலியை வாங்கிக்கொண்டு, தன் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "அண்ணே, நல்லா அனுபவிங்க," என்றான். அவன் சிரித்தானா என்பது பனியில் தெரியவில்லை.

மறுநாள் காலை வேலப்பன் ரிமோட்டை அமுக்கினார். பதினாறு டிகிரிக்குக் கீழே குளிர்விக்க அந்த மெஷினுக்குத் தெரியாது. அறையில் ஏற்கெனவே பதினாறு. மெஷின் வாயைத் திறந்து, நிலவரத்தைப் பார்த்துவிட்டு, சும்மா இருந்துவிட்டது. அதற்கு இருந்த விவஸ்தை அதை வாங்கியவருக்கு இல்லை. "ரிப்பேர்!" என்று கத்திவிட்டு வேலைக்குப் போனார். மாலையில் கொஞ்சம் வெயில் அடித்திருந்ததால் மெஷின் மனமிரங்கி ஓடியது. வேலப்பன் அதற்குக் கீழே நாற்காலி போட்டு, தலையில் குரங்குக் குல்லாயும் தோளில் கம்பளியுமாக உட்கார்ந்து, "இப்பத்தான் மூச்சு விட முடியுது," என்றார். பல் அடித்துக்கொண்டதால் அதை இரண்டு தவணையில் சொல்ல வேண்டியிருந்தது.

சாரதா அழவில்லை. கோபத்தில் பின்பக்கம் போனாள். பானை வைக்கலாம் என்று அடுப்பை நோக்கித் திரும்பியவள் நின்றுவிட்டாள். முதுகில் யாரோ சூடாக ஊதினார்கள்.

உள்ளே குளிரைக் கொட்டும் மெஷின், சூட்டையெல்லாம் வெளிப் பெட்டி வழியாகப் பின்னால் தள்ளுகிறது. ஊரறிந்த விஷயம்தான். ஆனால் கேமரன் மலையில் அது ஊரறியாத அதிசயம். சாரதா இரண்டு கைகளையும் அதன் முன்னால் நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் சுண்டுவிரல் லேசாக மடங்கியது. அடுத்த வீட்டு இராசம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, பெட்டியக் கும்பிடறீங்க?"

"வந்து கையக் காட்டிப் பாரு."

இராசம்மா கையைக் காட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே ஓடி, மூன்று நாளாகக் காயாமல் நாறிக்கொண்டிருந்த சட்டைகளைத் தூக்கிவந்தாள். அந்த வாரத்துக்குள் வேலப்பன் வீட்டுப் பின்பக்கம் பாசார் மாதிரி ஆகிவிட்டது. பெண்கள் கொடி கட்டினார்கள், முக்காலி போட்டு உட்கார்ந்தார்கள். உள்ளே வேலப்பன் தும்மிக்கொண்டே மெஷினை அணைக்கப் போனால், "ஏங்க, இருங்க, இராசம்மா போர்வை இன்னும் காயல," என்று சாரதா குரல் கொடுப்பாள். அறை ரொம்பக் குளிர்ந்து மெஷின் நின்றுவிட்டால், "கதவத் திறந்து விடுங்க!" என்பாள்.

வேலப்பனுக்கு இதில் வருத்தமே இல்லை. லயத்துப் பெண்களெல்லாம் தன் ஏர்கானைப் பார்க்க வருகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். பேக்டரியிலும் அப்படியே சொன்னார்.

ஆனால் அந்த ஊதல் குளிப்பதற்கு ஆகாது, காலை வேளைக்கும் ஆகாது. விடிந்ததும் விரல் பழையபடி கட்டையாகிவிடும், பிரஷ் உள்ளங்கைக்குப் போய்விடும். சாரதா அதைச் சொன்னாள். வேலப்பன், "இதுக்கே இவ்வளவு பலன்னா பாத்துக்க, எவ்வளவு தேவையான சாமான் வாங்கியிருக்கேன்," என்றார். 

பள்ளி விடுமுறையில் யோகேந்திரனும் பவளமும் வந்தார்கள். கிள்ளான் புழுக்கத்திலிருந்து தப்பி, குளிரை அனுபவிக்க மலையேறி வந்தவர்கள். வேலப்பன் அவர்களை உட்காரவைத்து, ஜன்னல்களையெல்லாம் இழுத்துச் சாத்தி, ரிமோட்டை வெள்ளித் தட்டில் வைக்காத குறையாக எடுத்துவந்து அமுக்கினார்.

"ஜன்னல ஏன் சகல மூடற? குளிரு வரட்டும்."

"குளிருதான் வருது. அங்க பாரு, மேல."

யோகேந்திரன் மேலே பார்த்தார். பவளமும் பார்த்தாள். "மாமா," என்றாள் பவளம், போர்வையைத் தேடிக்கொண்டே, "எங்க வீட்லயே ஆளு வந்தாத்தான் இவரு இத போடுவாரு. மத்த நாளு ஃபேனுதான்." யோகேந்திரன் அவளை ஒரு பார்வை பார்த்தார். அறைக்கு ஒரு ஏர்கான் என்ற கோட்டையில் ஒரு கல் விழுந்த சத்தம் கேட்டது. வேலப்பன் மட்டும் அதைக் கேட்கவில்லை. அவர் பல் அடித்துக்கொள்ளும் சத்தத்தில் இருந்தார்.

யோகேந்திரன் குளிக்கப் போனார். தண்ணீரை மொண்டு ஊற்றிய சத்தம். அதற்குப் பிறகு வந்த அலறலில் கீழ் லயத்து நாய்கள் குரைத்தன. துண்டோடு வெளியே பாய்ந்து வந்தவர் நேராக மோதி நின்றது அந்த வெளிப் பெட்டியின் முன்னால். அங்கே சாரதா, இராசம்மா, இன்னும் இரண்டு பேர், கையை நீட்டி வரிசையாக நின்றிருந்தார்கள். யோகேந்திரனும் எதுவும் கேட்காமல் வரிசையில் நின்று கையை நீட்டினார். நடுக்கம் குறைந்ததும் சாரதாவின் விரல்களைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு லயம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்:

"சகல! நீ வாங்குனது ஹீட்டருதான்ப்பா! என்ன, அத வெளிய பாத்து மாட்டிட்ட!"

இராசம்மா முதலில் சிரித்தாள். பிறகு லயமே சிரித்தது. சாரதா சிரிக்காமலிருக்கப் பார்த்து, முடியாமல், தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் பேக்டரியில் அடுப்புப் பக்கம் போனால், "அண்ணே, இந்த அடுப்பையும் வெளிய பாத்துத் திருப்பிடலாமா?" என்றார்கள். கோயிலில் திருநீறு வாங்கக் கை நீட்டினால் பூசாரி, "வெளிய பாத்தவரே, கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க," என்றார். பெண்டாட்டி விரல் மடங்காமல் பல் விளக்கியதைப் பல வருஷமாகப் பார்த்தும் அசையாத மனசு, சகலையின் ஒரு கிண்டலில் அசைந்தது. ஆண்பிள்ளை மனசு அப்படித்தான். அதற்கு வலி தெரிய வேண்டுமென்றால் அது மானத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும்.

"தம்பி, ஏர்கான அடிச்சுட்டு ஹீட்டர்னு எழுது," என்றார் சசிதரனிடம்.

"இப்ப ஹீட்டர் ஆசையாண்ணே, தேவையாண்ணே?"

"இந்த மலையில சுடுதண்ணி இல்லாம மனுசன் இருக்க முடியுமா? படிச்சவன் கேக்கற கேள்வியா இது?"

ஏர்கானை யார் வாங்குவார்கள்? பழைய சாமான் கடைத் தவுக்கே எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றான். கடைசியில் யோகேந்திரன்தான், "சகலையாச்சேன்னு பாக்கறேன்," என்று பாதிக்கும் கீழான விலைக்கு எடுத்துத் தன் வேனில் ஏற்றிக்கொண்டார். ஆள் வந்தால் போட இன்னும் ஒன்று. அவருக்கும் அது தேவைதான் போலிருக்கிறது. அந்தக் காசில் ஹீட்டர் வந்து குளியலறையில் ஏறியது. பின்பக்கக் கொடியை இராசம்மா முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தாள்.

முதல் நாள் காலை சாரதா உள்ளே போனவள் வெளியே வர வெகுநேரமானது. ஆவி கதவிடுக்கில் வழிந்தது. பாட்டு மாதிரி ஏதோ கேட்டது. கூடத்தில் வேலப்பன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஏர்கான் போன இடத்தில் ஓட்டை அப்படியே இருந்தது. அதன் வழியாக மலைக்காற்று, காசில்லாமல், ரிமோட் இல்லாமல், நேரே அவர் முகத்தில் வந்து விழுந்துகொண்டிருந்தது.

சாரதா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். வேலப்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக இருமினார்.

"சாரதா, இந்த ஓட்டை வழியா வர்ற காத்து நெஞ்சுக்கு ஆகாது. பெரிய டிவி ஒண்ணு வாங்கி அந்த இடத்துல மாட்டுனா சரியா மறைச்சிடும். ஆசைக்குச் சொல்லல…"

சாரதா சைக்கிள் கைப்பிடியில் தொங்கிய அவருடைய பழைய பனியனை எடுத்தாள். அதை இரண்டு கையாலும் முறுக்கினாள், நன்றாக, கயிறு மாதிரி. பத்து விரலும் மடங்கின. அரிசி மூட்டையைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, அந்தப் பனியனை ஓட்டைக்குள் அடைத்து, கட்டைவிரலால் உள்ளே தள்ளித் தள்ளி இறுக்கினாள்.

காற்று நின்றது. கீழே இறங்கி, விரல்களை ஒருமுறை மடக்கி விரித்துப் பார்த்துவிட்டு, பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பல் விளக்கப் போனாள்.